துரைக்குப் போட்ட ஏலக்காய் மாலை

கல்யாணமான முதல் வருஷத்தில் ஒரு மாப்பிள்ளைக்குப் போடிநாயக்கனூரில் கிடைத்த மரியாதை இன்றைக்கு மந்திரிகளுக்குக்கூடக் கிடைப்பதில்லை. காப்பி லேசாக ஆறியிருந்தால் நான் கேட்பதற்கு முன்பே வேறு காப்பி வரும். நான் எதைச் சொன்னாலும் வீட்டில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். மாமனாரின் ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை எனக்குத்தான். ஜீப்புக்குச் சொந்தக்காரரான மாமனார் பின்னால் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவார்.

"நீங்க முன்னால வாங்க மாமா" என்று ஒப்புக்குச் சொல்வேன்.

"அட, மாப்ளே இருக்கையில நான் முன்னால உக்காந்தா ஊரு என்ன பேசும்?" என்பார்.

நான் இரண்டாவது தடவை சொன்னதில்லை.

யாரும் மறுத்துப் பேசாத இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எப்பேர்ப்பட்ட மனிதனும் கெட்டுப்போவான். நான் மூன்றே மாதத்தில் கெட்டுப்போனேன். ராசிங்காபுரத்தில் கடலையும் சோளமும் போட்ட குடும்பத்தில் பிறந்து, மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு, வாத்தியார் வேலைக்கு உத்தரவு வரும் வரும் என்று மாமனார் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேறு சோலி இல்லை. ஆகவே எல்லா விஷயத்துக்கும் விளக்கம் சொன்னேன். அணுகுண்டு எப்படி வெடிக்கிறது, ரயில் ஏன் தாமதமாக வருகிறது, ஏலக்காய்க்கு ஏன் மணம் வந்தது, எல்லாம். ஏலக்காயிலேயே பிறந்து வளர்ந்த மாமனார் அந்தக் கடைசி விளக்கத்தையும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டார். கடைவீதியில் யாரிடம் பேசினாலும் "எங்க மாப்ளேகிட்ட கேளுங்க" என்பார். என் மனைவி மட்டும் அடுப்பங்கரையிலிருந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மாமனாருக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் இருந்தது. மூன்று பக்கமும் ஒரு கம்பெனியின் தேயிலை எஸ்டேட். நான்காவது பக்கம் மொட்டைப் பாறை. தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வர, எஸ்டேட் நிலத்துக்குள் ஒரு ஜீப்புத் தடம் உண்டு. முந்தைய மேனேஜர்கள் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. புதிதாக வந்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தாலும் அந்தத் தகவல் அவருக்கு இன்னும் முறையாகப் போய்ச் சேரவில்லை. வந்த மாதமே தடத்தின் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். அதிலிருந்து காய் மூட்டைகள் எல்லாம் தலைச்சுமையாக மொட்டைப் பாறையைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. இரண்டு மணி நேர நடை. மழை பெய்தால் அந்தப் பாறையில் காலே நிற்காது.

அந்த ஐப்பசியில் காய் எடுக்கிற பெண் ஒருத்தி மூட்டையோடு பாறையில் சறுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். ஜீப் கேட்டுக்கு வெளியே நின்றது. கேட்டைத் திறந்திருந்தால் சீக்கிரமே போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம். உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது என்று காவல்காரன் கையைப் பிசைந்தான். கடைசியில் அவளைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு, எந்தப் பாறையில் விழுந்தாளோ அதே பாறையைச் சுற்றி வந்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள், ஆனால் பழையபடி நடக்கவில்லை. மாமனார் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எஸ்டேட் ஆபீசுக்கு மூன்று தடவை போய்த் துரையைப் பார்க்க முடியாமல் திரும்பினார். மூன்றாவது தடவை அங்கே இருந்த பெரிய கிளார்க் மனமிரங்கி ஒரு வழி சொன்னார்.

மலை மேலே துரைமார் கிளப்பில் வருஷத்துக்கு ஒருமுறை கோல்ஃப் பந்தயம் நடக்கும். அந்த வருஷம் வெளியூர்களிலிருந்து காசுக்கு ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரர்களையும் வரவழைத்திருந்தார்கள். எங்கள் துரையும் ஆடுகிறார். "ஆட்டம் முடிஞ்ச கையோட வந்து பாருங்க. அன்னைக்கு மனசு நல்லா இருந்தா கேட்டது கிடைக்கும்" என்றார் கிளார்க். மனசு நல்லா இல்லாவிட்டால் என்ன கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அன்று சாப்பிடும்போது மாமனார் என்னிடம் கேட்டார். "மாப்ளே, இந்தக் குழிப்பந்துன்னா என்ன?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலே எழுத்துத்தான். ஆனால் காலேஜில் படிக்கும்போது கொடைக்கானலுக்கு உல்லாசப் பயணம் போன இடத்தில், வேலிக்கு வெளியே நின்று பத்து நிமிஷம் அந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தேன். பத்து நிமிஷமும் ஒரே ஆள் புதருக்குள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த அனுபவம் எனக்குப் போதுமானதாகத் தோன்றியது.

"கம்பை வச்சுப் பந்தை அடிச்சுக் குழியில தள்ளணும் மாமா. மொத்தம் பதினெட்டுக் குழி" என்றேன். அதுவரைக்கும் சரி.

"யாரு ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

"யாரு அதிகமா அடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க" என்றேன். கிரிக்கெட்டில் அப்படித்தான். உலகத்தில் எல்லாவற்றிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மாமனார் தலையை ஆட்டிக்கொண்டார். நியாயமான ஆட்டமாகத்தான் அவருக்குப் பட்டது. அடுத்த மூன்று நாள் என் மனைவி நல்ல பச்சைக் காயாகப் பொறுக்கி, ஊசியில் கோர்த்து, நெஞ்சு வரை தொங்கும் ஏலக்காய் மாலை ஒன்று கட்டினாள். கிளம்புகிற அன்று விடிகாலையில் மாலையை வாழை மட்டையில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அங்க போயி ஒண்ணு தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருங்க. அதுல ஒண்ணும் குறைஞ்சிர மாட்டீங்க."

"எனக்குத் தெரியாததா?" என்று கேட்டுவிட்டு முன்சீட்டில் ஏறினேன்.

மாமனார் வெள்ளைச் சட்டை போட்டு, சரிகைத் துண்டு போட்டு, தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தைப் பெரிய மனிதரிடம் கேட்கப் போனால் வெறுங்கையோடு போவதில்லை. வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் வைத்த தட்டை நீட்டுவோம். அவர் தட்டை வாங்கிக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம். வாங்கின பிறகு மாட்டேன் என்று சொன்னவனை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. கல்யாணமே அப்படித்தான் நிச்சயமாகிறது. என் கதையும் ஒரு தட்டில்தான் முடிந்தது.

போடிமெட்டு வளைவுகளில் ஜீப் முக்கி முனகி ஏறியது. எங்கள் டிரைவர் மேலே எஸ்டேட்டுகளுக்கு லோடு அடித்து அடித்துப் பாதி மலையாளம் ஆகிப்போனவர். ஒவ்வொரு வளைவிலும் என்னைப் பார்த்து, "பேடிக்க வேண்டாம் சாரே" என்பார். நான் பயப்படவில்லை என்று ஒவ்வொரு வளைவிலும் சொன்னேன், கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி.

கிளப் மைதானத்தைப் பார்த்ததும் மாமனாருக்கு முதலில் வந்தது வருத்தம். "இம்புட்டு நல்ல நெலத்துல புல்லா வளத்து வச்சிருக்காங்க? இதுல எம்புட்டு ஏலம் போடலாம்" என்றார். மேடும் பள்ளமுமாய்ப் பச்சையாய் விரிந்து கிடந்தது. அங்கங்கே குழி தோண்டி மணல் கொட்டியிருந்தது. ரோடு வேலைக்குக் கொட்டியிருக்கிறார்கள் என்று அதற்கும் நான் விளக்கம் கொடுத்தேன். கிளப் கட்டடத்தின் முன்னால் துரைமாரும் துரைசாணிமாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளார்க்குகள், டிரைவர்கள், எங்களைப் போன்ற வேட்டிக்காரர்கள் எல்லாம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். ஆட்டக்காரர்கள் நகர நகர நாங்களும் கயிற்றுக்கு வெளியே நகரலாம். ஆனால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கையில் அட்டை பிடித்த ஒருவர் அதற்கென்றே நின்றார். அவர் அட்டையைத் தூக்கினால் மூச்சுவிடுவதைக்கூட ஜனங்கள் யோசித்துத்தான் செய்தார்கள்.

"மாப்ளே, யாருக்கும் ஏதும் துஷ்டியா?" என்று மாமனார் என் காதில் கேட்டார். இழவு வீட்டில் செய்வதுபோல் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டத் தொடங்கிவிட்டார். நான் தடுத்தேன்.

எங்கள் துரை பெருத்த ஆள். தக்காளி நிறம். அவரோடு சேர்ந்து ஆட வந்திருந்த தொழில்முறை ஆட்டக்காரர் நேர் எதிர். ஒல்லி, கறுப்பு, நாற்பது வயதிருக்கும், சட்டைக் கை நைந்திருந்தது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் யாருக்கு யார் வேலைக்காரன் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆட்டம் தொடங்கியது. மாமனார் கணக்கு வைத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார்; உண்மையில் அது தோட்டத்தில் மூட்டை ஏற்றும்போது அவர் எப்போதும் செய்வதுதான். சட்டையின் வலதுபைக்குள் ஏலக்காயை நிரப்பிக்கொண்டு, ஒரு மூட்டை ஏறினால் ஒரு காயை இடதுபைக்கு மாற்றுவார். இப்போது துரை ஓர் அடி அடித்தால் ஒரு காய். தொழில்காரரின் கணக்கை என் பையில் வைக்கச் சொல்லிக் கை நிறையக் காய் கொடுத்தார்.

தொழில்காரர் முதல் குழியை நாலே அடியில் முடித்துவிட்டு ஒதுங்கி நின்றார். பாவம், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. எங்கள் துரையோ விடவில்லை. புல்லில் அடித்தார், புதரில் அடித்தார், மணலுக்குள் இறங்கி, புழுதி கிளம்ப அங்கேயே ஐந்து அடி அடித்தார். மாமனாரின் காய்கள் மளமளவென்று இடம் மாறின. அவர் முகம் மலர்ந்தது. மணல் குழிக்குள் ஐந்தாவது அடி விழுந்தபோது பொறுக்க மாட்டாமல் "அப்படிப் போடு!" என்றார். அட்டைக்காரர் திரும்பி முறைத்தார். துரையும் திரும்பிப் பார்த்தார். மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒன்பது குழி முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது மாமனாரின் இடதுபை அறுபத்தொரு காயோடு புடைத்துக்கொண்டு நின்றது. என் பையில் முப்பத்தைந்து. "பாதிக்குப் பாதி முன்னால இருக்காரு நம்ம தொரை" என்று மாமனார் பூரித்துப்போனார். கேட் திறந்த மாதிரியே அவருக்குத் தோன்றிவிட்டது.

துரைமார் சாப்பிட உள்ளே போனார்கள். அந்தத் தொழில்காரர் கம்புப் பையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்த தைலமரத்தடிக்கு வந்தார். ஒரு தகர டப்பாவைத் திறந்து ரொட்டியை எடுத்தார். மாமனார் சும்மா இருப்பாரா? இலையைக் கிழித்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை அள்ளி வைத்து, துவையலையும் வைத்து அவர் முன்னால் நகர்த்தினார். அப்புறம் என்னைத் தள்ளிக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பாத்தீங்களா மாப்ளே? தோக்குறான்னதும் சோறு திங்கக்கூட உள்ள விடல. என்ன மனுசங்க இவுங்க!" கண் கலங்கிவிட்டது அவருக்கு. துரையை எப்போது பார்க்கலாம் என்று கேட்டு வர, பெரிய கிளார்க்கைத் தேடிக்கொண்டு போனார்.

நான் தொழில்காரரோடு உட்கார்ந்தேன். பெங்களூர்ப் பக்கத்துத் தமிழர். மைதானத்தில் பை தூக்கிப் பிழைத்து, ஆட்டம் படித்து, ஆட்டக்காரரானவர்.

"உள்ள சாப்பிடலையா?" என்று கேட்டேன்.

"மெம்பருங்களுக்கு மட்டும்தான் சார். நாங்க காசுக்கு ஆடறவங்க. உள்ள விட மாட்டாங்க. எந்த ஊர்லயும் அப்படித்தான்." சோற்றை ரசித்துச் சாப்பிட்டார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் தெரியவில்லை, பழகிப்போயிருந்தது.

பெரிய மனது பண்ணி அவருக்கு ஆறுதல் சொன்னேன். "கவலைப்படாதீங்க. மத்தியானத்துக்கு மேல இன்னும் நெறைய அடிக்கலாம்."

சோற்றோடு கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. "எதுக்கு சார் நெறைய அடிக்கணும்? எவ்ளோ கம்மியா அடிக்கிறோமோ அவ்ளோ நல்லது. கம்மியா அடிச்சவந்தான் ஜெயிப்பான்."

"அப்ப எங்க துரை?"

"ஐயாவா? நல்ல மனுஷன்தான் சார்" என்றார் மரியாதையாக. "ஆனா இன்னிக்கு எல்லாருக்கும் கடைசி அவர்தான்."

யோசித்துப் பார்த்தால் எனக்கு முதலிலேயே விளங்கியிருக்க வேண்டும். கையை ஆட்டாதவன் ஜெயிப்பதும் நாள் முழுக்கப் பாடுபட்டவன் தோற்பதும் துரைமார் வகுத்த சட்டமில்லாமல் வேறு யார் வகுத்தது? ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தத்துவம் ஓடவில்லை. வாழை மட்டைக்குள் இருந்த மாலைதான் கண் முன்னால் நின்றது.

மாமனாரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். உண்மையாகவே முடிவு செய்தேன். அவர் திரும்பி வந்தபோது, "மாமா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். "இருங்க மாப்ளே" என்று பக்கத்தில் நின்ற கிளார்க்குகளுக்கு என்னை அறிமுகப்படுத்தினார். "இவருதான் எங்க மாப்ளே. பி.ஏ. இந்த ஆட்டத்துல தெரியாத நுணுக்கமே கிடையாது." நான் வாயை மூடிக்கொண்டேன். பதிமூன்றாவது குழியில் மறுபடி ஆரம்பித்தேன். அப்போது துரை ஓடைக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று அடித்துக்கொண்டிருந்தார். "பாருங்க, தண்ணிக்குள்ள எறங்கியும் விட மாட்டேங்கிறாரு. இதுதான் மாப்ளே ஆம்பளை!" என்று மாமனார் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க மனம் வரவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அது பொய். முன்சீட்டை விட மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

நான்கு மணி வாக்கில் ஆட்டம் முடிந்தது. மாமனார் பையில் நூற்றுப் பதினெட்டு. என் பையில் எழுபத்தொன்று. கிளப் முன்னால் மேஜை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, ஒரு துரைசாணி நின்று பரிசு கொடுத்தார். முதலில் கூப்பிட்டது அந்தத் தொழில்காரரை. வெள்ளிக் கோப்பையை வாங்கிக்கொண்டு, குனிந்து வணங்கிவிட்டு, கிளப் படியில் கால் வைக்காமல் பக்கவாட்டாக விலகி வந்துவிட்டார். நாலு பேர் விரல் நுனியால் கை தட்டினார்கள்.

"இது என்ன மாப்ளே? இவனுக்குக் கோப்பை?" என்றார் மாமனார்.

அதுதான் என் கடைசிச் சந்தர்ப்பம். அதையும் நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"ஆறுதல் பரிசு மாமா" என்றேன்.

மாமனார் உடனே கிளம்பிப் போனார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் தனியாக நின்று கோப்பையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த அந்த மனிதரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மனசைத் தளர விட்ராதீங்க தம்பி. இன்னைக்கு இல்லாட்டி இன்னொரு நாளு. நல்லாச் சாப்பிட்டு ஒடம்பைத் தேத்துங்க. அடுத்த வருசம் நீங்களும் நூறு அடிக்கலாம்" என்றார்.

தொழில்காரர் அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் புல்லைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சரிங்க ஐயா. முயற்சி பண்றேன்" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை என்னால் தடுத்திருக்க முடியாது. மாமனார் வாழை மட்டையைப் பிரித்தார். கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். நாற்காலிகளுக்கு ஓரமாக, யாரும் பேச்சுக் கொடுக்காமல், ஈரக் காலோடு தம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார் எங்கள் துரை. மாமனார் அவர் கழுத்தில் ஏலக்காய் மாலையைப் போட்டார். சபையைப் பார்த்துத் திரும்பி, கோயில் திருவிழாவில் அறிவிப்பது மாதிரி தொண்டை கிழியச் சொன்னார்.

"இன்னைக்கு ஆட்டத்துல எல்லாரையும் விட அதிகமா அடிச்சது எங்க தொரைதான்! நூத்திப் பதினெட்டு! நானே எண்ணினேன்!"

எஸ்டேட் துரைமார் எல்லோருக்கும் தமிழ் தெரியும். முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் மொத்தக் கிளப்பும் சிரித்தது. துரைசாணிகளுக்குப் புருஷன்மார் அர்த்தம் சொல்ல, அவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காலையிலிருந்து மூச்சுவிடப் பயந்த கூட்டம் அது. மாமனாரும் கூடவே சிரித்தார், எல்லோருக்கும் சந்தோஷம் என்று நினைத்து. அந்தச் சந்தோஷத்தோடு தாம்பூலத் தட்டைத் துரையின் கையில் கொடுத்தார். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் துரை வாங்கிக்கொண்டார்.

துரையின் முகம் தக்காளியிலிருந்து கத்தரிக்காய்க்கு மாறிக்கொண்டிருந்தது. கேட் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் ஒன்றுக்கு இரண்டு பூட்டுப் போடுவார். பாறையில் விழுந்தவளைக் கம்பளியில் கட்டித் தூக்கி வந்தது ஞாபகம் வந்தது. அந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் பிறந்தது. அதிலும் ஒரு சூது வைத்திருந்தேன். ஓடிப் போய் இங்கிலீஷில் பேசினேன், மாமனாருக்குப் புரியக் கூடாதே என்று. இவர் கேலி செய்யவில்லை, நீங்கள் ஜெயித்ததாக உண்மையிலேயே நம்புகிறார், அதிகம் அடித்தவர் ஜெயித்தவர் என்று சொல்லிக் கொடுத்தது நான், எனக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது, மன்னித்து விடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மதுரையில் படித்த இங்கிலீஷ் முழுக்க அதில் செலவாயிற்று.

துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, நல்ல எஸ்டேட் தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஒன் மாப்பிள்ளைக்கு ஆட்டம் தெரியாதாம். அவனே சொல்றான். கம்மியா அடிக்கிறவன்தான் ஜெயிக்கிறது. நான் கடைசி. தெரியுதா?"

மாமனார் சிரிப்பு நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சட்டையின் இடதுபையைத் தொட்டுப் பார்த்தார், நூற்றுப் பதினெட்டுக் காயும் அங்கேதான் இருக்கிறதா என்பது போல. அப்புறம் துண்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு துரையைப் பார்த்துப் பேசினார்.

"தொரை, ஜெயிச்சீங்களா தோத்தீங்களாங்கிறது ஒங்க சோலி. போட்ட மாலையை நாங்க கழட்டுறதில்லை. தட்டு இப்ப ஒங்க கையில இருக்கு. எங்க ஊர்ல தட்டை வாங்கிட்டா பேச்சு முடிஞ்சு போச்சு. எங்க பொம்பளைக பாறையில விழாம வரணும். அந்தக் கேட்டைத் திறந்து விட்டுருங்க."

சிரிப்பு மறுபடி கிளம்பியது. ஒரு துரை எழுந்து நின்று கை தட்டினார். "தட்டை வாங்கிட்டியே!" என்று இன்னொருவர் தமிழிலேயே கத்தினார். எங்கள் துரை தட்டைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், சிரிக்கிறவர்களைப் பார்த்தார். அந்த இடத்தை விட்டு எப்படியாவது ஓடினால் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு.

"சரி, சரி. திறக்கச் சொல்றேன். போ" என்றார். நாங்கள் நாலடி எடுத்து வைத்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்த மாப்பிள்ளையை மட்டும் இனிமே இங்க கூட்டிட்டு வராதே."

ஒரு பெண்ணின் இடுப்பு ஒடிந்தும் திறக்காத கேட் ஒரு கிளப்பின் சிரிப்புக்குத் திறந்தது. மறுவாரமே பூட்டை எடுத்துவிட்டார்கள். அந்தத் துரை இருந்தவரை மறுபடி பூட்டவே இல்லை. அதை அவர் கணக்கில் நல்லதாகத்தான் எழுத வேண்டும்.

ஜீப்பில் நான் வழக்கம்போல் முன்சீட்டில் உட்கார்ந்தேன். மாமனார் பின்னால் ஏறிக்கொண்டார். கேட் கிடைத்த சந்தோஷம் இருக்கும், கொஞ்ச தூரம் போனால் சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். வைதாலும் பரவாயில்லை என்று இருந்தது. போடிமெட்டு நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஜெயிச்சவனைப் போயி அடுத்த வருசம் நல்லா அடின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. மலையைப் பார்த்துச் சொன்னார். "அந்தாளு சரிங்கய்யான்னு கேட்டுக்கிட்டான்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னார். "நம்மகிட்ட இருந்ததே ஒரு மாலை. அதை அவனுக்குப் போட்டிருக்கலாம்."

போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டிய இடத்தில் பஸ்சுக்காக அந்தத் தொழில்காரர் நின்றுகொண்டிருந்தார். பனியில் தோளைக் குறுக்கிக்கொண்டு, காலடியில் கம்புப் பை, கக்கத்தில் துணியில் சுற்றிய கோப்பை. எங்களுக்கு முன்னால் வந்த எஸ்டேட் லாரி எதிலோ ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். மாமனார் டிரைவர் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"மாப்ளே, நீங்க கொஞ்சம் பின்னால வாங்க."

குரலில் கோபமே இல்லை. மரியாதையும் குறையவில்லை. நான் இறங்கினேன். தொழில்காரர் பதறினார். "ஐயோ, வேணாம் ஐயா, நா பின்னால குந்திக்கிறேன். சார் உக்காரட்டும்."

"பேசாம ஏறுங்க தம்பி. வெரசாப் போவணும்" என்று மாமனார் அவரை முன்சீட்டில் ஏற்றினார். அப்புறம் என்னிடம் கையை நீட்டினார். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு என் பையிலிருந்த எழுபத்தொரு காயையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதை அப்படியே தொழில்காரரின் கையில் கொட்டினார்.

"இது ஒங்க கணக்கு. எங்க தோட்டத்துக் காயி. வீட்டுக்குக் கொண்டு போங்க."

அந்த மனிதர் காய்களை முகர்ந்து பார்த்தார். கோப்பையின் துணியைப் பிரித்து அதற்குள் போட்டுக்கொண்டார். காலையிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். நான் சாக்கு மூட்டைக்கும் கம்புப் பைக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு கம்புகள் என் தலையில் இடித்தன. "பேடிக்க வேண்டாம் சாரே" என்று டிரைவர் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். ஜீப் சத்தம் கேட்டு என் மனைவி வாசலுக்கு வந்தாள். முன்சீட்டிலிருந்து கோப்பையோடு இறங்கிய முன்பின் தெரியாத மனிதரைப் பார்த்தாள். அவருக்குக் கை கொடுத்து இறக்கிய அப்பாவைப் பார்த்தாள். பின்னாலிருந்து சாக்குத் தூசியோடு இறங்கிய என்னையும் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"யாரு ஜெயிச்சா?" என்று கேட்டாள்.

"முன்னால உக்காந்து வந்தவரு" என்றேன்.

அன்று முழுக்க அந்த ஆட்டத்தைப் பற்றி மாமனார் காதுபட நான் தமிழில் சொன்ன முதல் உண்மை அதுதான். மாமனார் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வந்தவருக்குக் காப்பி கொண்டா என்று உள்ளே குரல் கொடுத்தார்.